இலையோடு எழுந்து வந்தவர்கள்

1943-ஆம் வருஷம் பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை காலை, மலைமேல் திருப்புலி நாட்டில் ஓர் இச்சிமரம் இருபத்திரண்டு அடி தள்ளி வந்து, எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டது. அன்றைக்கு மிளகு விலை ஏறியிருந்ததால் மலையில் பலர் இதைத் தாமதமாகத்தான் கேள்விப்பட்டார்கள்.

இச்சி என்பது ஆலுக்குத் தம்பி முறை. மரம் நின்றது சர்க்கார் காட்டில். ஆனால் கல்லுக்கு இந்தப் பக்கம் சாமை விதைக்கிற சென்றாயனின் பெண்டாட்டி பெருமாயி, அது பழுக்கும் பத்து நாளையும் தன் வீட்டு விசேஷமாகவே நடத்தினாள். எல்லைக்கல் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். முதல் பந்தி பச்சைப்புறாக்களுக்கு. பிறகு மஞ்சளும் கறுப்புமாக மாங்குயில்கள். நெற்றியில் குங்குமம் வைத்த குக்குறுவான் பேசிக்கொண்டே சாப்பிடும். இருவாச்சி பழத்தைத் தூக்கிப்போட்டு விழுங்கும். கிளிகள் பெரிய வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பாதி தின்று பாதியைக் கீழே போடும். பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும், அடுப்பில் களி கரிந்துவிடும். “மரம் பழுத்தா எனக்குக் கரிஞ்ச களிதான்” என்று சென்றாயன் சலித்துக்கொள்வான். சாயங்காலம் பறவைகள் கிளம்பும்போது அவள் எழுந்து நின்று, “போயிட்டு வாங்க” என்பாள். விருந்தாளியிடம் மொட்டையாகப் ‘போங்க’ என்று சொல்லுகிற வழக்கம் அங்கே கிடையாது. பதினோரு வருஷம் சொன்னாள். பதினோரு வருஷமும் வந்தன.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கீழ்நாட்டில் பஸ்கள் மரக்கரிப் புகையில் ஓடின. முள்ளுக்குறிச்சியிலிருந்து அர்த்தனாரி என்ற கரி கான்ட்ராக்டர், எல்லைக்கல் வரை மரம் வெட்ட லைசென்ஸ் வாங்கிக்கொண்டு மலையேறி வந்தார். இச்சிமரத்தில் கோடாலியால் அடையாளம் கொத்தி, நாளைக்கு முதல் வெட்டு இதுதான் என்றார்.

“ஏனுங்க, பழம் தீர்ற வரைக்குமாச்சும் பொறுங்க. பந்தியில ஒக்காந்தவங்களை எழுப்பக் கூடாதுங்க” என்றாள் பெருமாயி.

“பஸ்ஸு பழத்துல ஓடாதும்மா.”

அன்று சாயங்காலம் அவளுக்கு ‘வாங்க’ என்ற வார்த்தை வரவில்லை. நாளைக்கு இல்லாத மரத்துக்கு எப்படி வரச் சொல்வது? அது பொய். அழுகையை அடக்கிக்கொண்டு, “போங்க” என்றாள். பறவைகள் அந்தச் சொல்லை அவள் வாயால் கேட்டதே இல்லை. ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

விடிந்து கோடாலிக்காரர்கள் வந்தபோதும் அவை அங்கேயே இருந்தன. கிளையோடு அவையும் விழுந்து சாகுமே என்று பெருமாயி ஓடி வந்தாள். தன் சாமைக் காட்டில் நின்று இரண்டு கைகளையும் நீட்டி, “அங்க இருக்காதீங்க சாமி, இந்தப் பக்கம் வாங்க” என்று கூப்பிட்டாள்.

வாங்க என்றால் அவற்றுக்குத் தெரியும். அத்தனை சிறகும் ஒன்றாக விரிந்தன. சாப்பிடும்போது அவசரமாகக் கூப்பிட்டால் மனிதர்களே இலையைத் தூக்கிக்கொண்டுதான் எழுந்து வருவார்கள். எந்தக் காலும் கிளையை விடவில்லை. வேர்கள் ஒவ்வொன்றாக மண்ணைவிட்டு வந்தன. பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக மரம் எழுந்து, கல்லைத் தாண்டி, உழுது போட்டிருந்த சாமைக் காட்டில் இறங்கியது. நாலைந்து பழங்கள் உதிர்ந்தன.

அர்த்தனாரி மூன்று தடவை டேப் பிடித்துப் பார்த்தார். சென்றாயன் பட்டாவை எடுத்து வந்து காட்டினான்.

“நேத்து அங்கதான இருந்துது?”

“நேத்து இருந்துதுங்க. இன்னைக்கு வந்துருச்சுங்க.”

கான்ட்ராக்டர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, “வாரேனுங்க” என்றார். பெருமாயி எல்லைக்கல் மேல் ஏறி நின்றாள். இரண்டாம் முறையாக, இந்தத் தடவை வாய் நிறைய, “போங்க” என்றாள்.

அவர் போனார். பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. மரம் இருந்த பள்ளத்தில் ஆனி மழைத் தண்ணீர் நின்றது, மாடுகள் குடித்தன. அந்தப் புதன்கிழமையும் களி கரிந்தது. சென்றாயன் ஓர் உருண்டை கூடுதலாகவே வாங்கிச் சாப்பிட்டான்.