மேஸ்திரிக்கு வாய்ப்பூட்டு

அன்று மத்தியானம் தையல்காரி ஒரு நாய்க்கு மழைக்கோட்டு தைத்துக்கொண்டிருந்தாள். சாதாரணமாகவே அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நாய்க்குக் கோட்டு தைக்கச் சொன்னால் கேட்கவே வேண்டாம். உள்ளே மெத்தென்ற துணி, வெளியே தண்ணீர் ஒட்டாத துணி, வயிற்றுப் பக்கம் நாலு பித்தான். எதிர் வரிசை அடுக்குமாடியில் இருக்கிற நாயாம். அதற்கு நகம் வெட்ட மாதம் ஒரு ஆள் வருவாராம். அது அளவு கொடுக்க வந்தபோது கடை முதலாளியே எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நாய்க்கு நாற்காலி. நாம மூணு மாசமா முதுகு ஒடிய முக்காலியில உக்காந்திருக்கோம்," என்றாள். பக்கத்து மெஷின்காரி சிரித்தாள். தையல்காரி சிரிக்கவில்லை.

அவள் வீட்டிலும் ஒரு நாய் உண்டு. கடையில் அது யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது. வீட்டுக்காரம்மா துணி தைக்கக் கொடுப்பது இதே கடையில்தான். இங்கே ஒருத்தி வாய் திறந்தால் போதும், அங்கே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

புருஷன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன். பழைய ஊரில் இருந்த கிடங்கைக் கம்பெனி மூடிவிட்டு, பெரிய ஊருக்கு வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டது. அப்படிக் கிளம்பி வந்த குடும்பம் இது. புருஷன், பெண்டாட்டி, ஒரு நாய், ஒரு பூனை. நாயின் பெயர் மேஸ்திரி. யார் எந்த வேலை செய்தாலும் எதிரே வந்து உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும் என்பதால் வந்த பெயர். பூனையின் பெயர் மாமியார். உயரமான இடத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கீழே நடப்பது எதுவும் சரியில்லை என்பதுபோல் பார்க்கும்.

வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கர் முதல் நாளே சொல்லிவிட்டான்.

"நாய் வெச்சுக்கலாம்னு சொல்ற வீடும் இருக்குக்கா. ஆனா வாடகையைக் கேட்டா நீங்களே குரைப்பீங்க. நாயை ஊர்லயே விட்டுட்டு வாங்க. மனசு வரலன்னா, இல்லவே இல்லன்னு சொல்லிடுங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"வீடு வேணுமா, உண்மை வேணுமா, நீங்களே சொல்லுங்க."

பத்து வருஷம் கூடவே கிடந்த உயிரை எப்படி விட்டுவிட்டு வருவது? 'செல்லப்பிராணி எதுவும் இல்லை' என்ற வரிக்குக் கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பூனைக்குப் பிரச்சினை வரவில்லை. வந்த மூன்றாம் நாளே மாமியார் கீழே இறங்கி வீட்டுக்காரம்மா ஜன்னலில் உட்கார்ந்துகொண்டது. தெருப்பூனை என்று நினைத்து அந்தம்மாவே பால் ஊற்றினார். கெட்டிக்காரப் பூனை.

மேஸ்திரிக்குத்தான் வினை. பழைய வீட்டைக் காலி பண்ணுவதற்கு முன்னால், மூன்று வாரம் உட்கார்ந்து அதற்கு வாயை மூடப் பழக்கினாள் தையல்காரி. அது குரைக்க வாயெடுத்தால் கத்திரியின் பிடியால் மேசையில் டக் டக் என்று இரண்டு தட்டு. வாயை மூடினால் அரை பிஸ்கட். முதல் வாரம் அது விளையாட்டு என்று நினைத்தது. இரண்டாம் வாரம் குழம்பியது. மூன்றாம் வாரம், தட்டின சத்தம் கேட்டதுமே உட்கார்ந்து, வாயை இறுக்கிக்கொண்டு அவள் கையைப் பார்க்க ஆரம்பித்தது. "பாருங்க, எவ்வளவு சமத்து!" என்று அன்றைக்கு அவள் புருஷனிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

இந்த வீடு முதல் மாடியில் இரண்டு அறை. கீழே வீட்டுக்காரம்மா. விடியும் முன்னே மேஸ்திரியைத் திரைச்சீலை எடுத்துப்போகும் பெரிய துணிப்பையில் போட்டு, இரண்டு தெரு தள்ளிப் போய் இறக்கிவிடுவார்கள். நாய் வாயை மூடினால் போதுமா? மனிதர்களும் மூடிக்கொண்டார்கள். மேஸ்திரி நடக்கிற சத்தம் வெளியே கேட்காமலிருக்க டிவி, அது மூச்சு வாங்குகிற சத்தம் கேட்காமலிருக்க ஃபேன். சண்டைகூடக் குசுகுசுவென்றுதான். பழைய வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் குரலை உயர்த்தினால் மேஸ்திரி நடுவில் வந்து நின்று, இரண்டு பேரும் நிறுத்துகிறவரை குரைக்கும். இங்கே அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுப்பதை இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது எந்த வகை வேலை என்று புரியாமல் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கோட்டுக்குக் கடைசிப் பித்தானைத் தைத்துக் கொடுத்துவிட்டு, ஐந்தரை மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தாள். புருஷனுக்கு அன்று வார லீவு. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"என்னங்க, ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"மெதுவாப் பேசு."

"என்ன ஆச்சு?"

"மேஸ்திரியைக் காணோம்."

அவள் கைப்பை நழுவிப் படியில் விழுந்தது.

மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்காரம்மா குழாய் ரிப்பேர்காரரோடு வந்து கதவைத் தட்டியிருக்கிறார். குளியலறைக் குழாய் ஒழுகிக் கீழே ஈரம் இறங்குகிறதாம். அவன் கதவு இடுக்கு வழியாக, "அஞ்சு நிமிஷம்மா, குளிச்சிட்டிருக்கேன்," என்று சொல்லி அவர்களைக் கீழே அனுப்பிவிட்டு, மேஸ்திரியைப் பையில் போட்டு மொட்டைமாடியில் நிழலாகப் பார்த்து விட்டுவிட்டு வந்திருக்கிறான். ரிப்பேர் முடிந்து போய்ப் பார்த்தால் பைதான் இருக்கிறது.

"ஒரு மணிக்கா? இப்ப மணி என்ன? எனக்கு ஏன் போன் பண்ணல?"

"நீ கடையில கத்துவ. எல்லாருக்கும் தெரிஞ்சிடும்னுதான். தெருத்தெருவா தேடிட்டேன், பெரிய ரோடு வரைக்கும் போய்ட்டு வந்துட்டேன்."

பெரிய ரோடா! அந்த ரோட்டில் மனிதர்களே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் குறுக்கே போவார்கள். அவள் விடுவிடுவென்று மாடிக்கு ஏறினாள். அவனும் பின்னாலேயே வந்தான்.

மொட்டைமாடியில் வெயில் இன்னும் தணியவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக மூன்று சாமான் அறைகள். தகரக் கூரை, தகரக் கதவுகள். மூன்றும் பூட்டிக் கிடந்தன.

"இது ஒரு மணிக்குப் பூட்டியிருந்துச்சா?"

"கவனிக்கல. ரிப்பேருக்கு ஏதோ பழைய குழாய் எடுக்கணும்னு வீட்டுக்காரம்மா மேல வந்தாங்க. திறந்து எடுத்துட்டுப் பூட்டியிருப்பாங்க போல."

"அப்ப உள்ள இருக்கலாம்ல? சாவி கேட்டீங்களா?"

"சாவி கேட்டா எதுக்குன்னு கேப்பாங்களே."

"கேக்கட்டுமே!"

"கத்தாத. உள்ள இல்லம்மா. ஒவ்வொரு கதவையும் தட்டிப் பாத்துட்டேன். காதை வெச்சுக் கேட்டேன். ஒரு முனகல்கூட இல்ல."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"எப்படித் தட்டினீங்க?"

"எப்படின்னா? இப்படித்தான்." விரலை மடக்கி நடுக்கதவில் தட்டிக் காட்டினான். டக் டக்.

தட்டிய பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கை அப்படியே கதவில் நின்றது.

மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக அவள் தொண்டைக்கு வந்தது.

"நீயெல்லாம் மனுஷனா?" என்று கத்தினாள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவனை அவள் நீ என்று சொன்னதே இல்லை. "நாலரை மணி நேரம்! தகரக் கூரைக்குக் கீழ! வாயைத் திறக்கலாமா வேணாமான்னு அது காத்துக்கிட்டிருக்கு, நீ போய் ரெண்டு தட்டு தட்டிட்டு வந்திருக்க!"

"நான் வேணும்னா பண்ணேன்? பழக்கிவிட்டது யாரு? நீதான!" அவனும் குரலை உயர்த்தினான். "வாயை மூடத்தான் சொல்லிக் குடுத்த. திறக்கச் சொல்லிக் குடுத்தியா?"

"எதுக்காகப் பழக்கினேன்? உன் கம்பெனிக்காக! இந்த நாசமாப்போன ஊருக்காக! எவன் வீட்டு நாய்க்கோ நான் பித்தான் வெச்சுத் தைக்கிறேன், என் வீட்டு நாயைப் பையில போட்டுத் திருட்டுச் சாமான் மாதிரி தூக்கிட்டு அலையறேன்! பாதிச் சம்பளத்தை வாடகைக்குக் குடுத்துட்டு, நம்ம வீட்டுல நாம இருமக்கூட பயந்து சாகணுமா?"

"என்னை மட்டும் என்ன பண்ணச் சொல்ற? நானா இந்த ஊருக்கு வரணும்னு ஆசைப்பட்டேன்?"

பக்கத்துக் கட்டடத்தில் இரண்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும். இரண்டு பேருக்கும் இப்போது யார் கேட்டாலும் கவலையில்லை. தெருமுனை வரை கேட்கிற சத்தம். பழைய வீட்டுச் சத்தம்.

அப்போது மூன்றாவது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரைப்பு வந்தது.

கரகரத்துப்போன, வறண்ட குரைப்பு. பிறகு இன்னொன்று. பிறகு நிறுத்தாமல் வந்தது. சண்டையை விலக்க நடுவில் வர முடியாத ஆத்திரத்தில் தகரக் கதவைப் பிராண்டிப் பிராண்டிக் குரைத்தது மேஸ்திரி.

இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் ஓடிப்போய்ப் பூட்டைப் பிடித்து இழுத்தாள்.

வீட்டுக்காரம்மா சாவிக்கொத்தோடு மூச்சு வாங்க மேலே வந்தார். அவர் பின்னாலேயே பூனையும் வந்து தொட்டிச் சுவரில் ஏறி உட்கார்ந்தது.

"என்ன இது? உள்ள நாயா?"

"ஆமா. எங்க நாய். திறங்க."

"நாய் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க."

"போட்டோம். பொய். திறங்கம்மா முதல்ல, திட்டுறதை அப்புறம் திட்டுங்க!"

அந்தம்மா பூட்டைத் திறந்தார். உள்ளிருந்து அனல் அடித்தது. பழைய குழாய்களுக்கு நடுவிலிருந்து மேஸ்திரி தள்ளாடி வந்தது. நாக்கு தொங்கியது, மூக்கு காய்ந்திருந்தது. புருஷன் தண்ணீர் கொண்டுவரத் தடதடவென்று கீழே ஓடினான்.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடணும்," என்றார் வீட்டுக்காரம்மா. நாயைப் பார்த்ததும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

"பண்றோம்," என்றாள் தையல்காரி. அவள் அந்தம்மாவைப் பார்க்கவே இல்லை.

மேஸ்திரி அவளைக் கண்டதும் குரைப்பை நிறுத்திவிட்டது. அவள் மேல் தாவவில்லை, வாலாட்டவில்லை. நேராக அவள் காலடிக்கு வந்து, பழக்கிய மாதிரியே உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு அவள் கையைப் பார்த்தது. நாலரை மணி நேரம் சத்தம் போடாமல் இருந்ததற்கு அதற்கு அரை பிஸ்கட் வர வேண்டியிருந்தது.

"குரைடா," என்றாள் அவள். "ராசா, குரைச்சிடுடா. இனிமே எவ்வளவு வேணும்னாலும் குரை."

வெறுங்கையை அதன் முன்னால் விரித்துக் காட்டினாள். மேஸ்திரி அதை மோந்து பார்த்தது. தான் இருந்தது போதவில்லை என்று நினைத்ததோ என்னவோ, நடுங்குகிற கால்களைச் சேர்த்து வைத்து, இன்னும் நிமிர்ந்து, வாயை இன்னும் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தது.