காரம், புளி, கோபம்

"கடைசியா என்ன சொன்னார் ஆன்ட்டி?"

தண்ணி கேட்டார்மா என்றாள் நோரா. சொல்லிக்கொண்டே, சவப்பெட்டிக்குள் கிடந்த கணவர் ரெமிஜியஸின் விரல்களிலிருந்து நழுவியிருந்த ஜெபமாலையை எடுத்து மறுபடியும் சுற்றிவிட்டாள். கை விறைத்துப்போயிருந்தது, மாலை நிற்க மாட்டேன் என்றது. கேட்டவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலி தேடிப் போனாள்.

இவளுக்கு முன்னால் வந்தவர்களிடம், மகன் சாப்பிட்டானா என்று கேட்டதாகச் சொல்லியிருந்தாள். அதற்கும் முன்னால் பங்குச் சாமியாரிடம், இயேசுவே என்றார் என்று சொல்லிவைத்தாள். இவர்களெல்லாம் கோயில் வாசலில் நின்று ஒப்பிட்டுப் பார்த்தால் மானம் போய்விடும். பார்த்தால் பார்க்கட்டும். எண்பது தாண்டிய மனுஷன் செத்துப்போனால் ஜனங்களுக்குக் கேட்க வேறு என்னதான் இருக்கிறது? ஆஸ்டின் டவுனில் எத்தனை சாவு வீட்டில் நோராவே போய் அதைக் கேட்டிருக்கிறாள். ஒருத்தராவது உண்மையைத்தான் சொன்னார்களா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

உண்மையை எப்படிச் சொல்வது? ரெமிஜியஸ் கடைசியாகச் சொன்னது, கட்டின பெண்டாட்டியைப் பார்த்துக் கேட்ட ஒரு கேள்வி. நேற்றுக் காலையில் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மகன் க்ளென் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் காதருகே குனிந்தான். அக்கா கிளம்பிட்டா மம்மி, மல்லேஸ்வரத்திலிருந்து வர வேண்டும், வழியெல்லாம் டிராஃபிக் என்றான். பெட்டியை எடுக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. நாலு மணிக்குப் பூசை. சரி என்று தலையாட்டினாள் நோரா. முப்பத்தைந்து வருஷம் இந்த வாசலை மிதிக்காத மகள் வருகிறாள். வந்தால் அவளும் இதையேதான் கேட்கப் போகிறாள். ஊர்க்காரிகளுக்குத் தண்ணி, இயேசுவே என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். சோஃபியாவுக்கு என்ன சொல்வது?

இது போதாதென்று நாத்தனார் ஆஞ்சலா வேறு. ஜீவனஹள்ளியிலிருந்து முதல் ஆளாக வந்து, அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து, அழுது முடித்து, இப்போது விசாரணையில் இறங்கியிருந்தாள்.

"முந்தாநாள் போன்ல நல்லாத்தான பேசினார் அண்ணி? யாராச்சும் எதாச்சும் சொல்லி அவர் மனச நோகடிச்சீங்களா?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள் நோரா. இதயம் ரெண்டு வருஷமாகவே நொண்டிக்கொண்டிருந்தது. காலெல்லாம் நீர். இனி வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியிலேயே கைவிரித்துவிட்டார்கள். இதெல்லாம் ஆஞ்சலாவுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கிறாள் என்றால், அவளும் அந்த டாக்டர் சொன்னதைக் கேட்டுப் பழகினவள்தானே.

அந்த டாக்டர் கோதண்டராமன். ரிச்மண்ட் டவுனில் கிளினிக், லண்டன் படிப்பு, அவரைப் பார்க்கக் காத்திருப்பதே ஒரு கௌரவம். ரெமிஜியஸ் ஃபாக்டரியில் சூப்பர்வைசர் ஆன புதிதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழ ஆரம்பித்தார். அல்சர் என்றார் டாக்டர். வயிற்றில் புண் எப்படி வருகிறது என்று விளக்கவும் செய்தார். கவலை, டென்ஷன், முன்கோபம், இவைதான் அமிலமாகி வயிற்றைத் தின்கின்றனவாம். பிறகு நோராவின் பக்கம் திரும்பி, அதிகாரமாகச் சொன்னார்.

"காரம், புளி, கோபம். இந்த மூணும் உங்க வீட்டுக்குள்ள வரக்கூடாது. ஒரு பெரிய அதிர்ச்சி போதும், வயிறு ஓட்டையாயிடும். அப்புறம் எங்கிட்ட வந்து அழாதீங்க."

அவ்வளவுதான், நோராவின் வீட்டில் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. மிளகாய் போனது. புளி போனது. ரெண்டு சமையலுக்கு யாரால் முடியும், எல்லாருக்கும் தயிர்சாதம், பால் கஞ்சி, உப்புப் போடாத குறையாக வேகவைத்த காய். அதுகூடப் பரவாயில்லை, நாக்கு பழகிக்கொள்ளும். கோபத்தைத்தான் நாள் முழுக்கக் காவல் காக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் சத்தம் போட்டால் நோரா ஒரு விரலை உதட்டிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக் காட்டுவாள். அப்பாவுக்கு வயிறு, வாயை மூடு என்று அர்த்தம். சிலுவை போடக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டன. க்ளென் கணக்கில் ஃபெயில் ஆனதோ, கூரை ஒழுகியதோ, இவளுடைய தம்பி குடித்துக் கெட்டதோ, எதுவும் ரெமிஜியஸின் காதுக்குப் போகாது. மனுஷன் தன் வீட்டைப் போல நிம்மதியான வீடு கன்டோன்மென்டிலேயே கிடையாது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட வீட்டில்தான், எண்பத்தொன்பதாம் வருஷம், இன்ஷூரன்ஸ் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த சோஃபியா, கூட வேலை பார்க்கும் பத்ரிநாத்தைக் கட்டிக்கொள்ளப் போவதாக நடு ஹாலில் நின்று சொன்னாள். பத்ரிநாத் மல்லேஸ்வரத்துப் பிராமணப் பையன். ரெமிஜியஸ் கத்தவில்லை. போறதுன்னா இப்பவே போ, திரும்பி வராதே என்றார். சொல்லும்போது இடது கை வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தது. சோஃபியா சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தைக்காகப் பார்த்தாள். நோராவின் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. அவள் கையில் பால் டம்ளர் இருந்தது, சைகை காட்ட வழியில்லை. பேசாதே, அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற அர்த்தத்தில் வெறுமனே தலையை இடவலமாக ஆட்டினாள். சோஃபியா அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வெளியே போனாள். பக்கத்து வீட்டு நம்பருக்கு நாலைந்து தடவை போன் பண்ணினாள். நோரா குசுகுசுவென்று பேசிவிட்டு வைப்பாள். பிறகு அதுவும் நின்றது.

எட்டு வருஷம் கழித்து கோதண்டராமன் தவறிப்போய், வேறு டாக்டரிடம் போனார்கள். சின்னப் பெண். குழாய் விட்டுப் பார்த்தாள். இது கவலையால் வருவதில்லை அங்கிள், கிருமி என்று சொல்லி ரெண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷத்துப் புண் அதோடு ஆறியது. இதை எப்போது கண்டுபிடித்தார்கள் என்று நோராதான் கேட்டாள். எண்பதுகளின் ஆரம்பத்திலேயேம்மா என்றாள் அந்தப் பெண். ஆஸ்திரேலியாவில் ரெண்டு டாக்டர்கள் சொன்னார்களாம், பெரிய பெரிய ஆட்கள் யாரும் நம்பவில்லையாம். வயிற்று அமிலத்தில் கிருமி எப்படிப் பிழைக்கும் என்று ஒதுக்கித் தள்ளினார்களாம். ரெண்டு பேரில் ஒருத்தர் வெறுத்துப்போய் அந்தக் கிருமியையே கரைத்துக் குடித்து, தன் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு நிரூபித்தாராம். அதற்கப்புறமும் உலகம் ஒத்துக்கொள்ளப் பத்து வருஷம் ஆனதாம். அந்தப் பெண் இதைத் தமாஷாகச் சொன்னாள். ரெமிஜியஸும் சிரித்தார். அப்போ ஊறுகாய் சாப்பிடலாமா என்று கேட்டார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நோரா வருஷங்களைக் கணக்குப் போட்டாள். எண்பதுகளின் ஆரம்பம். சோஃபியா போனது எண்பத்தொன்பது. தான் டம்ளரும் கையுமாகத் தலையாட்டிக்கொண்டு நின்ற அன்றைக்கே, இது அப்படியில்லை என்று ஒருத்தன் குடித்துக் காட்டி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. படித்தவர்கள் அவனை நம்பாமல் இருந்துவிட்டார்கள். யார் மேல் கோபப்படுவது? கோதண்டராமன் பாவம், புத்தகத்தில் இருந்ததைச் சொன்னார். அவள் கேட்டாள். அவ்வளவுதானே? அன்றைக்கே வீட்டுக்கு வந்து சண்டை போட்டிருக்கலாம்தான். ஆனால் வாயைப் பூட்டி வைத்தே பழகிப்போன ஒருத்திக்குச் சாவி கொடுத்தால் உடனே திறக்கத் தெரியுமா? இன்றைக்கு நாளைக்கு என்று வருஷங்கள் ஓடின. சோஃபியா பெற்ற பேரப்பிள்ளைகளை க்ளெனின் போனில் பார்த்துக்கொண்டாள். அசதியாக இருந்தது அவளுக்கு. எல்லாவற்றிலும் ஓர் அசதி.

முந்தாநாள் சாமியார் வந்து நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்தார். முடிந்ததும் ரெமிஜியஸ் நிறைவாகக் கையைக் கூப்பி, எனக்கு யார் மேலும் வருத்தம் இல்லை ஃபாதர் என்றார். நோரா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு பகலும் ஓர் இரவும் அது அவளை அரித்தது. நேற்றுக் காலை முகம் துடைத்துவிட வெந்நீரோடு போனவள், பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"யார் மேலயும் வருத்தம் இல்லையா உங்களுக்கு? அவளுக்கு இருக்குமே. எனக்கு இருக்கே. பெத்த பொண்ண வாசலோட அனுப்பிட்டு நிம்மதியா மோட்சத்துக்குப் போறீங்களா?"

இன்னும் என்னென்னவோ சொன்னாள். குரல் தெரு வரைக்கும் போனது. க்ளென் பாதி ஷேவிங்கில் சோப்பு முகத்தோடு ஓடிவந்து, சும்னே இரு மம்மி, டாடிக்கு வயிறு என்றான். நாற்பத்தேழு வயசுப் பிள்ளை. அது கிருமிடா என்று அவனிடமும் கத்தினாள் நோரா.

ரெமிஜியஸ் கோபப்படவில்லை. புதிதாக ஒரு பொம்பளையைப் பார்ப்பது போல அவளையே பார்த்தார். மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"நீ ஏன் அன்னிக்கே இதக் கேக்கல நோரா? தலையத்தான ஆட்டின. உனக்கும் சம்மதம்னு நெனச்சேன். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா விட்டுருப்பேனே."

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நோரா ஆறிப்போன வெந்நீரைச் சூடாக்க உள்ளே போனாள். பதில் யோசிக்கத்தான் போனாள் என்று சொல்ல வேண்டும். திரும்பி வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தார். மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

இதயம் நின்றது என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். அவளுக்கு எல்லாம் தெரியும். இருந்தாலும் ஆஞ்சலா கேட்ட கேள்வியைத் தள்ள முடியவில்லை. ஐம்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள் சண்டை போட்டாள், அன்றைக்கே மனுஷன் போய்விட்டார். கோதண்டராமன் எங்கிருந்தோ பார்த்து, நான்தான் சொன்னேனே என்று தலையசைப்பது போலிருந்தது.

பெட்டியை மூடப் போகும் நேரத்தில் வாசலில் சலசலப்பு அடங்கியது. சோஃபியா வந்துவிட்டாள். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. பெண்கள் வழிவிட்டார்கள். பெட்டியருகே நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு விலகிக்கொண்டாள். அம்மாவின் பக்கம் வரவில்லை. ஆட்கள் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் க்ளென் அம்மாவை ஏற்றி உட்காரவைத்தான். டிரைவர் கன்னடத்தில் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஜல்தி வாக்கா என்று க்ளென் கூப்பிட்டுவிட்டு முன்பக்கம் போனான்.

சோஃபியா வண்டிக் கதவருகே தரையிலேயே நின்றாள். ஏறலாமா வேண்டாமா என்று இருந்தவள், எல்லாரும் கேட்டதைக் கேட்டாள்.

"கடைசியா எதாச்சும் சொன்னாரா மம்மி?"

தண்ணி என்று சொல்லிவிடலாம். உன்னைத்தான் தேடினார் என்றால் இன்னும் நன்றாக இருக்கும், பெண் அழுதுவிட்டு ஏறிவிடுவாள். நோராவுக்கு இனிமேல் யாரையும் கட்டிக்காக்கத் தெம்பில்லை.

"சண்ட போட்டோம். நீ போறப்ப நான் ஏன் ஒரு வார்த்த பேசலன்னு கேட்டார். பேசியிருந்தா விட்டுருப்பாராம்."

சோஃபியா கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் அதத்தான் மம்மி இத்தன வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

"வயிறு ஓட்டையாயிடும்னு சொல்லியிருந்தாங்க."

சொன்ன பிறகு, அந்தப் பதில் எவ்வளவு சின்னது என்று நோராவுக்கே தெரிந்தது. ரெமிஜியஸிடமும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

"பத்ரிக்கும் அல்சர் வந்துச்சு" என்றாள் சோஃபியா. "ரெண்டு வாரம் மாத்திர சாப்ட்டார், போயிடுச்சு. அன்னிக்கே புரிஞ்சுது, நீ ஏன் வாயத் திறக்கலன்னு." கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். "புரிஞ்சுது. கோவந்தான் போகல."

"இருக்கட்டும்" என்றாள் நோரா. "கோவம் இருந்தா ஒண்ணும் ஆகாது."

டிரைவர் ஹாரன் அடித்தார். சோஃபியா ஏறி எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். நோராவின் சேலைத் தலைப்பு கதவிடுக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து அம்மாவின் மடியில் போட்டுவிட்டு, கதவை இழுத்துச் சாத்தினாள்.