மேல் ஜன்னல்

"மேல் ஜன்னலச் சாத்தும்மா, கண்ணு கூசுது" என்றார் அவர், கல் பைகளை மேசையில் இறக்கியபடி.

"நம்ம வீட்டுக்கு மாடியே இல்ல. மேல எங்க போய்ச் சாத்த?" என்று வழக்கம்போல வாரிவிட்டுப் போய்ச் சாத்தினாள் மனைவி. தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் நாற்காலியிலேயே சரிந்திருந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லக்கூட நேரம் வாய்க்கவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஓய்ந்தபின் அவள் ஆய்வகத்துக்குத் திரும்பினாள். எரிமலைக் கற்களைக் கொண்டுவருவது அவர் வேலை, வயதைக் கணிப்பது அவள் வேலை. நிலம் இரண்டாகப் பிளந்து விலகிய ஒரு பெரும்பள்ளத்தில் எந்தப் பக்கம் முதலில் பிளந்தது என்பதோடுதான் இருவரும் பல வருடம் மல்லுக்கட்டினார்கள்.

எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லானதும் அதிலுள்ள பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்கான் வாயுவாக மாறி உள்ளேயே அடைபடும். அதை அளந்தால் கல்லின் வயதும், நிலம் பிளந்து குழம்பு பொங்கிய காலமும் தெரிந்துவிடும். கடைசிப் பயணத்துப் பைகள் இரண்டிலும் அவர் கையெழுத்து: ஒன்றில் "மேல்", இன்னொன்றில் "கீழ்". அளந்தாள். மேல் கல் மூத்தது, கீழ்க் கல் இளையது.

உடன் வேலை செய்பவரைத் தராசு என்பார்கள். நிறுத்துப் பார்க்காமல் பேசமாட்டார்.

"மேல் அடுக்கு எப்படி அண்ணி அடியில இருக்கறதவிட மூப்பா இருக்கும்? அண்ணன் பைய மாத்திட்டாரு. கட்டுரையில ரெண்டையும் விட்டுருவோம்."

"அவரு செருப்ப மாத்திப் போடுவாரு. பைய மாத்த மாட்டாரு."

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க" என்றார், இரக்கத்தோடு. அதுதான் சுருக்கென்றது.

கணவருடைய கடைசி வேலை தப்பென்று பேர் வாங்குவதா? கற்களைப் பொடித்து வேதிக்கூறுகளைப் பார்த்தாள். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே அல்ல. மேல் கல்லில் பொட்டாசியம் தூக்கல். பள்ளத்தின் மேற்குச் சுவரில் முன்பு எடுத்த கற்களின் அச்சு அசல். ஒரே இடத்தில் மேலும் கீழுமாக எடுத்த கற்கள் எப்படி இப்படி வேறுபடும் என்றுதான் பிடிபடவில்லை.

சாயங்காலம் வீட்டில் கண் கூசியது. ஜன்னலைச் சாத்த எழுந்தவள், கொக்கியில் கைவைத்தபடி அப்படியே நின்றாள். ஆய்வகத்தில் மேல் என்றால் மேல் அடுக்கு என்றே படித்துப் பழகிவிட்டிருந்தாள்.

மறுநாள் தராசிடம் சொன்னாள்: "தம்பி, அவருக்கு மேல்னா மேற்கு, கீழ்னா கிழக்கு. பள்ளத்துக்கு ரெண்டு சுவரு இருக்குல்ல."

தராசு கீழ்க் கல்லைக் கிழக்குச் சுவர்க் கற்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதுவும் பொருந்தியது.

"அப்ப மேற்குதான் முதல்ல கிழிஞ்சிருக்கு. அண்ணன் இத நேராவே எழுதியிருக்கலாம்."

"நேராத்தான் எழுதியிருக்காரு."

கட்டுரையில் இரண்டு கற்களும் இருக்கின்றன. சாயங்காலமானால் மேல் ஜன்னலில் வெயில் அடிக்கத்தான் செய்கிறது.