வீட்டில் அழுகை இருத்தல் கூடாது

முதலில் ஒரு விடுகதை. அண்ணனுக்கு இன்னும் ஒரு பல்கூட முளைக்கவில்லை. தங்கைக்குப் பால்பல் விழத் தொடங்கிவிட்டது. அண்ணன் பாயில் கிடக்கிறான், தங்கை தொட்டிலில் கிடக்கிறாள். இதில் பொய் ஒன்றும் இல்லை. அது எப்படி?

விடை தெரிந்தவர்கள் மனத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் கதையைக் கேளுங்கள்.

அந்த ஊரில் அழுகை அழுத இடத்திலேயே தங்கிவிடும். அழுதவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அழுகை பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு, இரண்டு நாளில் வெள்ளையாக உப்புப் பூக்கும். பார்ப்பதற்குக் கடலோரத்து வீடுகளில் பூக்கிற உப்பு மாதிரியே இருக்கும். சுரண்டினால் மட்டும், ஒருமுறை அழுதுவிட்டு உதிரும்.

ஏழு வருடங்களாக, குழந்தை பிறக்கப்போகும் வீட்டுக்குப் பேரூராட்சியிலிருந்து ஒரு படிவம் வரும். அதில் இரண்டே விதிகள். ஒன்று, வீட்டில் அழுகை இருத்தல் கூடாது. இரண்டு, வீட்டில் வயதில் இளையவரே தொட்டிலில் கிடத்தப்பட வேண்டும். முதல் விதியில் 'அழுக்கு' என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அச்சுக் கோத்தவர் 'அழுகை' என்று கோத்துவிட்டார். தவறு தெரிந்தபோது படிவம் கட்டுக் கட்டாக அச்சாகி வந்துவிட்டது. ஆகவே ஊரார் அழுக்கை விட்டுவிட்டு அழுகையைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள்.

சுத்தச் சான்றிதழ் வாங்காத வீட்டில் பிரசவ வலி எடுக்காது. கீழத்தெருவில் ஓர் அம்மாள் பதினான்கு மாதங்களாக ஒன்பதாம் மாதத்தில் இருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். யாராவது விசாரித்தால், "மாடிப்படிக்கு அடியில ஒண்ணு கெடக்கு. வரமாட்டேங்கு" என்பார். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

வேம்புவுக்கு எட்டு வயது. அவளுடைய அம்மா தெய்வானைக்கு ஒன்பதாம் மாதம் பிறந்த அன்று படிவம் வந்தது. வியாழக்கிழமை ஆய்வாளர் வருவார் என்று அதில் எழுதியிருந்தது. வேம்பு அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தன் தகர டப்பாவை எடுத்துத் துடைத்தாள். அதற்குள் தேய்த்து மெருகேற்றிய புளியங்கொட்டைகள் இருந்தன. எல்லாம் தம்பிக்கு. தம்பிதான் வருவான் என்று அவள் முடிவு செய்திருந்தாள். தெருவில் எல்லாப் பெண்பிள்ளைகளையும் அக்கா என்று கூப்பிட யாராவது இருந்தார்கள். அவளை மட்டும் எல்லாரும் வேம்பு என்றே கூப்பிட்டார்கள். தினமும் சாயங்காலம் அம்மாவின் வயிற்றில் வாயை வைத்து, "நான்தாம்டே அக்கா பேசுதேன்" என்று சொல்லிவிட்டு வருவாள்.

புதன்கிழமை காலையில் இசக்கியம்மாள் வந்தாள். கையில் சுவர் சுரண்டும் பட்டித் தகடும் உப்புத்தாளும் நான்கு சாக்குகளும். அந்த ஊரில் சுவர் சுரண்டுகிறவளும் பிரசவம் பார்க்கிறவளும் ஒருத்தியே. இரண்டு வேலைக்கும் கை பதமாக இருக்க வேண்டும்.

வாசற்படியில் ஆரம்பித்தாள். அங்கே பூத்திருந்தது வேம்புவின் அழுகை. மூன்று வயதில் விழுந்து அழுதது ஒன்று, ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதது ஒன்று. தகடு பட்டதும் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அழுதுவிட்டுச் சாக்கில் விழுந்தன.

"உனக்குத் தொண்டை நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள் இசக்கியம்மாள்.

அடுக்களைச் சுவரில் வேலை மெதுவாக நடந்தது. வெங்காயம் நறுக்கும்போது வருவது அழுகையில் சேராது என்பதால், இசக்கியம்மாள் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்க வேண்டியிருந்தது.

"இது வெங்காயம், கெடக்கட்டும். இதும் வெங்காயம். தெய்வான, இது வெங்காயம் இல்லியே."

"வெங்காயந்தாங்க்கா."

"எனக்கு மூக்கு இருக்கு தாயி."

தகடு பட்டது. அது நெடுநேரம் அழுதது. தெய்வானை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அது முடியும்வரை பொறுக்கினாள்.

குளியலறையில், வாளிக்குப் பின்னால், கனமாக ஒன்று இருந்தது. சுரண்டியபோது பெரிய பெட்டியைத் தரையில் இழுப்பது போலச் சத்தம் வந்தது. வேம்பு அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை. அவளுடைய அப்பா குருநாதன் அரிசி ஆலையில் மோட்டார் பார்ப்பவர். அன்று அரை நாள் விடுப்பு. முற்றத்தில் நின்று கொடிக்கயிற்றைத் திரும்பத் திரும்ப இறுக்கிக் கட்டினார்.

"அது குழாய்ல தண்ணி வராத அன்னைக்கு அழுதது" என்றார்.

"தண்ணிக்கா இம்புட்டு?" என்று கேட்டுவிட்டு, இசக்கியம்மாள் சாக்கின் வாயை முறுக்கினாள்.

நண்பகலுக்குள் வீடு முடிந்துவிட்டது. உள்ளறையில் பீரோவுக்குப் பின்னால் இருக்கிற சுவர் மட்டும் பாக்கி. பீரோவின்மேல் சாய்ந்து, கால்களை நீட்டி, தெய்வானை உட்கார்ந்திருந்தாள்.

"நகரு தெய்வான."

"இங்க ஒண்ணுமில்லக்கா."

இசக்கியம்மாள் குனிந்து பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் காதை வைத்தாள். "கெடக்கு. சின்னது" என்றாள்.

அது வேம்புவுக்கு முன்னால் பிறந்த பையனுடையது. பத்து வருடத்துக்கு முன்பு, காலைப் பலகாரத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் வந்துவிட்டுப் போய்விட்டான். பெயர் வைக்க நேரம் இல்லை. போட்டோ எடுக்கவில்லை. சட்டை போட்டுப் பார்க்கவில்லை. ஒரே ஒருமுறை அழுதான், பதினொன்று எண்ணும்வரை. அது சுவரில் வெற்றிலை அளவுக்குப் பூத்திருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தெய்வானை அதைச் சுற்றி உலர்ந்த துணியால் துடைப்பாள். அதன்மேல் துணி படாது. மத்தியான வேளைகளில் வேம்பு பீரோவுக்குப் பின்னால் நுழைந்து அதில் காதை வைத்துக் கேட்டிருக்கிறாள். சுரண்டாத அழுகைக்குள் கொதிக்கிற பால் மாதிரி மெல்லிய சத்தம் கேட்கும்.

"எடுத்துரலாம், தெய்வான" என்றார் அப்பா.

"எடுத்துட்டா அவன் வந்ததுக்கு என்ன இருக்கு?"

"எடுக்கலைன்னா இது வராதே."

தெய்வானை வயிற்றின்மேல் ஒரு கையை வைத்தாள். இன்னொரு கை பீரோவின் கைப்பிடியைப் பிடித்திருந்தது. இரண்டையும் எடுக்கவில்லை.

இசக்கியம்மாள் தகட்டை முந்தானையில் துடைத்தாள். "நான் சோறு தின்னுட்டு வாறேன். வந்தா எடுப்பேன். அதுக்குள்ள அழுகணும்னா வெளிய தெருவுல போய் அழு. சுரண்டின சுவத்துல மறுபடி ஒட்டிச்சுன்னா என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா தெய்வானையைக் கைத்தாங்கலாக அடுக்களைக்குக் கூட்டிப் போய்ச் சாப்பிட உட்காரவைத்தார். அந்த நேரத்தில் வேம்பு பீரோவுக்குப் பின்னால் நுழைந்தாள். தகடு இல்லாததால் நாக்கால் நக்கி எடுத்தாள். உப்புக் கரித்தது. ஓரம் முழுக்க ஒட்ட எடுத்தபின் வாயை மூடிக்கொண்டாள். முன்பல் விழுந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாகக் கசிந்துவிடாதபடி நாக்கை அங்கே அழுத்தி வைத்தாள்.

இசக்கியம்மாள் திரும்பி வந்து பீரோவை நகர்த்தினாள். சுவர் ஈரமாக இருந்தது. வேம்புவின் உப்பியிருந்த கன்னங்களைப் பார்த்தாள். பிறகு உப்புத்தாளை மடித்து இடுப்பில் செருகினாள்.

"சுத்தம்" என்றாள்.

சாக்குகளைக் குப்பை வண்டி ஏற்றிக்கொண்டு போயிற்று. அன்று ராத்திரி வேம்பு சாப்பிடவில்லை. பேசவும் இல்லை. அம்மாவின் வயிற்றில் வாயை வைத்தாள், ஒன்றும் சொல்லாமல் எடுத்துக்கொண்டாள். தெய்வானை அவளுடைய தாடையைப் பிடித்து நிமிர்த்தி, வாயைக் கொஞ்சம் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, தாடையை மெதுவாக மூடிவிட்டாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் தாமோதரன் வந்தார். கையில் ஒரு பித்தளைக் குழாயும் கக்கத்தில் பதிவேடும். குழாயைச் சுவரில் வைத்து, அறை அறையாகக் கேட்டார். உள்ளறைச் சுவரில் கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்டார்.

"உம் பேர் என்ன பாப்பா?"

வேம்பு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேசமாட்டாளா?"

"பல்லு விழுந்திருக்கு சார். வெக்கப்படுதா" என்றாள் தெய்வானை.

அவர் சான்றிதழில் முத்திரை குத்தி, மை காய ஊதினார். மை காய்ந்ததும் தெய்வானைக்கு வலி எடுத்தது. பிறக்கும் குழந்தையின் முதல் அழுகையை எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்ததால், ஆய்வாளர் கூடத்தில் உட்கார்ந்து அப்பா போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தார்.

பதினொன்றரை மணிக்குக் குழந்தை பிறந்தது. ஆண். இசக்கியம்மாள் அவனைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலில் தட்டினாள். முதுகைத் தேய்த்தாள். மறுபடி தட்டினாள்.

"அழுகை இல்லாம வந்திருக்கான்" என்றாள்.

"ஏதாவது ஒண்ணு குடுங்க" என்றார் அப்பா, கதவுக்கு வெளியில் இருந்து.

"எங்க இருந்து குடுக்க? வீடே சுத்தமாக் கெடக்கு."

குழந்தையின் உதடு கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. தெய்வானை வேம்புவைப் பார்த்தாள். வேம்பு அம்மாவைப் பார்த்தாள். தெய்வானை கண்ணை மூடிக்கொண்டாள்.

வேம்பு குழந்தையின் வாய்மேல் தன் வாயை வைத்து, நாக்கை எடுத்தாள்.

குழந்தை அழுதது. கூடத்தில் ஆய்வாளர் விரல்விட்டு எண்ணினார். பதினொன்றில் நின்றது. பதிவேட்டைத் திறந்து எழுதப்போனவர், எழுதாமல் பக்கங்களைப் பின்னால் புரட்டிக்கொண்டே போனார். பிறகு உள்ளறை வாசலில் வந்து நின்றார்.

"இது ஏற்கெனவே எழுதின அழுகை. இதே வீடு, பத்து வருஷம் ஆச்சு. ஒரே அழுகையை ரெண்டு பேருக்கு எழுத முடியாது. யார் கொண்டாந்தது?"

இசக்கியம்மாள் வேம்புவைக் கைகாட்டினாள்.

"கொண்டாந்தவங்க சொல்றதுதான் செல்லும்" என்று அவர் வேம்புவுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார். அவளுக்குப் புரியும்படி நிதானமாகச் சொன்னார். "இவன் உனக்குத் தம்பின்னு சொன்னா, தம்பின்னு எழுதுவேன். இந்த அழுகையை எடுத்துக்கிட்டுப் போயிருவேன். அவனுக்குன்னு சொந்தமா ஒண்ணு வர்ற வரைக்கும் நீங்க காத்திருக்கணும்."

"வருமா?" என்று கேட்டாள் இசக்கியம்மாள்.

"சில வீட்ல வந்திருக்கு" என்றார். பிறகு வேம்புவிடம், "அண்ணன்னு சொன்னா, இவன் அன்னைக்குப் பொறந்தவன். அழுகை இவங்கிட்டயே இருக்கும். தம்பி வரலைன்னு எழுதிருவேன். எழுதிட்டா அப்புறம் வரமாட்டான்" என்றார்.

வேம்பு குழந்தையைப் பார்த்தாள். அவனுடைய உதடு சிவந்திருந்தது. அலமாரியில் இருந்த தகர டப்பாவைப் பார்த்தாள். அப்பா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"தம்பியா, அண்ணனா?"

ஒரு நாள் முழுக்க மூடியிருந்த வாய் என்பதால் சொல் வருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"அண்ணன்" என்றாள் வேம்பு.

ஆய்வாளர் எழுதினார். வயது பத்து. திங்கட்கிழமை ஐந்தாம் வகுப்பில் சேர்க்கவும் என்று ஒரு சீட்டு எழுதி அப்பாவிடம் கொடுத்தார். தம்பியின் பெயருக்கு விட்டிருந்த வரியில் 'வரவில்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டார். தெய்வானை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சுவர் வெறுமையாக இருந்தது.

கிளம்புவதற்கு முன் அவர் படிவத்தின் இரண்டாம் விதியைப் பார்த்தார். பிறகு உத்தரத்தில் சேலையால் கட்டியிருந்த தொட்டிலைப் பார்த்தார். இசக்கியம்மாள் அண்ணனைத் துடைத்துப் பாயில் கிடத்தினாள்.

வேம்பு அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டாள். தொட்டிலில் ஏறி, கால்களை மடக்கிப் படுத்தாள். அப்பா ஆட்டினார்.