பழைய பாலத்து அளவு

வியாபாரி டேப்பை இழுத்தார். சுருட்டினார். மறுபடியும் இழுத்தார். பட்டறைக்கார அக்கா டேப்பின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆற்றின் மேல் அகலப் பாலம் திறந்த பிறகு, அவளுடைய லாரி பாடி கட்டும் பட்டறைக்கு அக்கரையிலிருந்து வந்த முதல் ஆர்டர் இது. வியாபாரி, இக்கரைத் தோட்டங்களின் காய்கறியை அக்கரைச் சந்தைக்கு ஏற்றிப் போகிறவர். இந்த ஒரு வண்டி பிடித்துவிட்டால் மீதி வண்டிகளும் அவளுக்குத்தான். பிடிக்காவிட்டால், அக்கரைப் பட்டறைகள் அதே பாலத்தில் வந்து இருக்கிற வாடிக்கையையும் அள்ளிக்கொண்டு போய்விடும்.

"அகலம் அரை அடி குறையுதேம்மா."

அக்கா தம்பியைப் பார்த்தாள். பட்டறையில் அவன் பெயர் வேகத்தடை. ஆணி அடிக்கக்கூட இரண்டு முறை யோசிப்பவன், இதை மட்டும் யோசிக்கவில்லை. சுவரில் தொங்கிய கம்பியை எடுத்து, பழக்கதோஷத்தில் அளந்து வெட்டிவிட்டான். பழைய குறுகல் பாலத்தில் வண்டி உரசாமல் போக அப்பா செய்துவைத்த அளவுக் கம்பி. பாலத்தை இடித்தாயிற்று. கம்பி மட்டும் பாக்கி.

"பிரிச்சுக் கட்டிடலாம்க்கா," என்று முனகினான்.

வியாபாரி அக்கரைப் பட்டறையைக் கூப்பிடச் செல்போனை எடுத்துவிட்டார்.

அக்கா அவசரப்படவில்லை. தோட்டத்தில் சரக்கு எப்படி ஏற்றுகிறீர்கள் என்று கேட்டாள். அவர் புலம்பித் தீர்த்தார். தோட்டத்துக்குப் போகும் சந்துக்குள் லாரி நுழையாதாம். குட்டி வண்டியில் மெயின் ரோடு வரை கொண்டுவந்து மாற்றுவதற்குள் பாதித் தக்காளி கூழாகிவிடுகிறதாம்.

"ஏறுங்கண்ணே," என்று சாவியை எடுத்தாள்.

புது ரோட்டில் பறந்த லாரி, தோட்டத்துச் சந்து வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் மதில். கூட வந்த தம்பி இறங்கி, முன்னால் பின்நடை போட்டபடி கையசைத்தான். "வா... வா... கொஞ்சம் ஒடிச்சு வா..."

வியாபாரி கண்ணை மூடிக்கொண்டார். "என் வண்டிம்மா இது!"

திறந்தபோது எதிரே தக்காளிக் குவியல். இறங்கிப் போய் லாரியின் இரண்டு பக்கமும் தடவினார். ஒரு கீறல் இல்லை.

"தெரிஞ்சேதான் இப்படிக் கட்டினீங்களா?"

"இல்லண்ணே, தப்பாத்தான் கட்டினோம்," என்றாள் அக்கா, தலை நிமிர்ந்து. "ஆனா அந்தத் தப்பையும் ஒழுங்காக் கட்டியிருக்கோம்."

அவர் சிரித்துவிட்டார். தோட்டத்துக்குப் பாதி வண்டி இந்த அளவிலேயே, அக்கரைக்கு ஓடும் மீதி முழு அகலத்தில் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

பட்டறைக்குத் திரும்பியதும் வேகத்தடை முதல் வேலையாக முழு அகலத்துக்குப் புதுக் கம்பி ஒன்றை வெட்டி, அப்பாவின் கம்பிக்குப் பக்கத்தில் மாட்டினான்.

இந்த முறை மூன்று முறை அளந்து.