லேபிளின் எஃப் ஒன்பது

எனக்குப் பொறுமை கிடையாது. நூலகத்தில் புத்தக விவரங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு இது பொருந்தாத குணம்தான், என்ன செய்வது? கூட வேலை பார்க்கிறவள் எனக்கு நேரெதிர். எதை எழுதினாலும் தேதியும் காரணமும் எழுதி ஒட்டுவாள். அதனால் அவளுக்கு லேபிள் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

பத்துமுறை விசை தட்டும் வேலையை ஒரே தட்டில் முடிக்கும் மேக்ரோக்களை இருவரும் அவரவர் கணினியில் எழுதி வைத்திருந்தோம். அவளுடையவை எந்த விசைக்கு என்ன வேலை என்ற விளக்கத்தோடு பட்டியலாக இருக்கும். என்னுடையவை என் தலைக்குள் இருக்கும். "இதுக்கெல்லாம் ஜாதகம் எழுதுவியாடி?" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொண்டே எழுதுவாள்.

அவள் பிரசவ விடுப்பில் இருந்தபோது என் கணினி படுத்துவிட்டது. அவளுடையதில் உட்கார்ந்தேன். மறுநாள் காலை ஓர் அம்மாள் வருவதாக இருந்தது. அவருடைய அப்பா இறந்தபோது அவர் சேர்த்து வைத்திருந்த முந்நூற்றுப் பதினெட்டுப் புத்தகங்களை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். ஊரைவிட்டே போகும் முன், அவற்றை ஒருதரம் ஒன்றாகப் பார்க்க ஆசைப்பட்டார். புத்தகங்களோ நாற்பதாயிரத்துக்குள் கலந்து கிடந்தன. எவை அவர் அப்பாவுடையவை என்று சொல்வது, கணினிப் பதிவில் இருந்த 'இன்னார் கொடுத்தது' என்ற ஒரு குறிப்பு வரி மட்டும்தான்.

அந்த வரியை வைத்துத் தேடி, மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, எஃப் ஒன்பது விசையைத் தட்டினேன். திரை ஏதோ கேட்டது. படிக்காமலே 'ஆம்' என்றேன். என் கணினியில் எஃப் ஒன்பது பட்டியலை அச்சிடும். அச்சுப்பொறி சும்மா இருந்ததால் அதன் தலையில் ஒரு தட்டு தட்டினேன். மறுபடி தேடினேன். பூஜ்யம். அவளுடைய எஃப் ஒன்பது குறிப்பு வரியை அழிக்கிற விசை.

அவளுக்குப் போன் போட்டேன்.

"உன் எஃப் ஒன்பதை அமுக்கித் தொலைச்சுட்டேன்டி. முந்நூத்திப் பதினெட்டும் போச்சு. நாளைக்கு அந்தம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"பதறாதீங்கக்கா. அழிக்கிறதுக்கு முன்னாடி அது பழைய வரியெல்லாம் தனியா எழுதி வச்சுக்கும். எஃப் பத்தை அமுக்குங்க, திரும்பி வந்துரும்."

"எதுக்குடி இப்படியெல்லாம் யோசிச்சு எழுதினே?"

"ஒருதடவை நானே அழிச்சுட்டு நாலு நாள் அழுதேன்க்கா. ராத்திரி பகலா உக்காந்து கையாலயே ஏத்தினேன். யார்கிட்டயும் சொல்லல."

அந்த நாலு நாளும் பக்கத்து நாற்காலியில் நான்தான் இருந்திருக்கிறேன். எதுவும் கேட்டதில்லை. எஃப் பத்தை அமுக்கினேன். வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

மறுநாள் புத்தகங்களை இரண்டு நீள மேசைகளில் அடுக்கியிருந்தேன். அந்த அம்மாள் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார். பக்க ஓரத்தில் அப்பா எழுதியவற்றை விரலால் தடவிப் பார்த்தார்.

"அத்தனையும் தேடி எடுத்துட்டீங்களே! எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலம்மா," என்றார்.

அதை வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. லேபிளுக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். "இவகிட்ட சொல்லுங்க. இவளாலதான் கிடைச்சுது."

அவர் பேசி முடித்ததும் நான் வாங்கினேன். "உன்னாலதான்டி தப்பிச்சேன்," என்றேன். கண் நிறைந்துவிட்டது. அந்த அம்மாள் தன் அப்பாவுக்காகத்தான் நான் அழுகிறேன் என்று நினைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டார்.