உறை ஊற்றிய திகதி

கடைக்காரர் கலீலுர் றஹ்மான் போனில் கத்தியபோது நான் பால் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். "ராத்தா, ஒடனே டவுனுக்கு வாங்க. ஒங்கட தயிரெல்லாத்தையும் கீழ இறக்கி வெச்சிட்டாங்க." கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை ஆட்டோக்காரரை விரட்டிக்கொண்டே போனேன். தயிரில் பிழை இருக்காது, அது எனக்குத் தெரியும். என் எருமைத் தயிரைச் சட்டியோடு கவிழ்த்தாலும் விழாது.

குளிர்ப்பெட்டியில் என் தட்டு வெறுமையாகக் கிடந்தது. அந்தத் தட்டைப் பிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமா? றோட்டோரத்தில் விற்ற காலத்தில் என் தயிர் யார் யாருடைய பெயரிலோ கொழும்புக்குப் போனது. என் பெயர் வேண்டுமென்றால் லேபல் வேண்டும். மண்சட்டியோ வியர்க்கிற சாமான், எந்தப் பசையும் நிற்காது. கடைசியில் சட்டி வாயைக் கட்டும் தாளிலேயே 'நுஸ்ரத் எருமைத் தயிர்' என்று அச்சடித்து, திகதி அடிக்க ஓர் இறப்பர் முத்திரையும் வாங்கினேன்.

உணவுப் பரிசோதகர் லோஜினி, அன்புவழிபுரத்துப் பிள்ளை, ஒரு சட்டியை என் முன்னால் வைத்தார்.

"அக்கா, உற்பத்தித் திகதி இண்டைக்கு எண்டு கிடக்கு. விடியவே கடைக்கு வந்த தயிர் இண்டைக்கு எப்பிடி உறைஞ்சது? ஒரு நாள் கூட்டி அடிச்சிருக்கிறீங்கள்."

கள்ளி என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். முகம் எரிந்தது. பிறகுதான் விளங்கியது. முத்திரை அடித்தவர் என் கணவர் மஜீத். பால் பின்னேரம் வரும். காய்ச்சி ஆற்றி உறை ஊற்றி முடிய, பொழுது பட்டு மஃரிபாகிவிடும். தொழுதுவிட்டு வருகிறவருக்கு நாள் மாறிவிட்டது. எங்கள் வழக்கத்தில் வியாழன் பொழுது பட்டால் வெள்ளிக்கிழமை இரா. நேற்று வியாழன். மனிசன் கலண்டரில் வெள்ளிக்குரிய திகதியைப் பார்த்து, வலு பக்குவமாக எல்லாத் தாளிலும் அடித்திருக்கிறார்.

சொன்னேன். லோஜினி சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"எனக்கு விளங்குது அக்கா. வாங்கிற சனத்துக்கு விளங்காதே."

"இப்பவே மாத்தி அடிச்சுத் தாறன் மிஸ்."

"கடையில வச்சுத் திகதி மாத்த ஏலாது. அது இதைவிடப் பெரிய பிழை. திருப்பிக் கொண்டு போங்கோ. இன்னொருக்கா இப்பிடி வந்தா இந்தக் கடையில உங்கட தயிர் இருக்காது."

வீட்டில் மஜீத் சட்டிகளைக் கண்டதும் தலையில் கை வைத்தார். "தாளக் கழட்டிப்போட்டு சந்தியில வித்தா ஆரு புள்ள கேக்கப்போறா?"

"என்ட பேரக் கழட்டி விக்கவா இவ்வளவு பாடுபட்டன்?"

அயலுக்கெல்லாம் கொடுத்து முடித்தேன். என்ன கந்தூரி விருந்து என்று கேட்டார்கள். மஜீத் பகல் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "நான் பொய்யா அடிச்சன்? அது அல்லாஹ்ட நாள்தானே" என்று ஒருமுறை சொன்னார். பாவமாக இருந்தது. ஆனாலும் அந்தத் தட்டை நான் விடுவதாக இல்லை.

பின்னேரம் பால் வந்தது. உறை ஊற்றி, தாள் கட்டி, சட்டிகளை வரிசையாக வைத்தேன். முத்திரையை நானே அடித்திருக்கலாம். அடித்திருந்தால் அந்த மனிசன் பிறகு குசினிப் பக்கமே வரமாட்டார். அவருக்காகவே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

தொழுதுவிட்டுப் பள்ளியால் வந்தவர் முத்திரையைக் கையில் எடுத்தார். விரல் பழக்கத்தில் திகதிச் சில்லைச் சுற்றப் போனது. பாதியில் நின்றார்.

"இண்டைக்கு என்ன நாள் புள்ள?"

"ஒங்களுக்குச் சனிக்கிழமை இரா. சட்டிக்கு இன்னும் வெள்ளி. சுத்தாதீங்க, அப்பிடியே அடிங்க."

நேற்று வைத்த அதே திகதி. காலையில் என்னைக் கள்ளியாக்கிய இலக்கம், இப்போது அதுதான் சரி. அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். பிறகு ஒவ்வொரு சட்டிக்கு மேலும் முத்திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகே அடித்தார்.